முனு ஆன மனு: பழைய தமிழ்க் கோப்புகளும் லிபர்ஆபீஸும்

"தம்பி, உங்க லினக்ஸ் என் மனுவை எல்லாம் தின்னுடுச்சு."

எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் முன்னாள் செயலாளர் வாசலில் நின்றபடியே சொன்னது இது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய கணினியில் விண்டோஸ் அடிக்கடி படுத்துக்கொண்டதால், ஆறு மாசம் முன்னாடி நான்தான் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். கூடவே லிபர்ஆபீஸ். இதுவரை செய்தித்தாள் படிப்பது, பேரனோடு வீடியோ கால் என்று எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பழைய மனுக்களைத் திறந்திருக்கிறார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாகக் கொட்டிக் கிடந்திருக்கிறது.

அந்த மனுக்கள் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மேற்கு தாம்பரத்தில், முடிச்சூர் ரோடு பக்கம். 2015 வெள்ளத்தில் இந்தப் பக்கம் என்ன ஆனது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தின் காகிதக் கோப்புகள் எல்லாம் அந்தத் தண்ணீரில் போய்விட்டன. கணினியின் பெட்டியை மட்டும் பரணில் ஏற்றி வைத்திருந்ததால் அது தப்பித்தது. ஏரி உபரிநீர் போகும் கால்வாய் தூர்ந்துபோய் இருக்கிறது, குறுக்கே மண் கொட்டியிருக்கிறார்கள் என்று 2003இல் இருந்து 2012 வரைக்கும் சங்கம் மாற்றி மாற்றி எழுதிய மனுக்கள் அதில்தான் இருந்தன. மொத்தம் 43 கோப்புகள். இப்போது மறுபடி ஒரு மனு கொடுக்கிறோம். "இதற்கு முன்னால் எப்போது மனு கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் காட்டுவதற்கு எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

ஆக, லினக்ஸ் தின்றுவிட்டதா? இல்லை. ஆனால் "இல்லை சார், அது உங்க ஃபான்ட் பிரச்சினை" என்று ஒரு வரியில் முடித்துவிடவும் முடியவில்லை. அடுத்த மூன்று வாரம் அந்தக் கோப்புகளோடு மல்லுக்கட்டியதில் நான் எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

மூன்று அடுக்கு, ஒரே பழி

ஒரு தமிழ் ஆவணம் வேறொரு கணினியில் சரியாக வரவில்லை என்றால், பழி எப்போதும் லிபர்ஆபீஸ் மேல்தான் விழும். உண்மையில் அதற்குள் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன.

ஒன்று, குறியாக்கம். கோப்புக்குள் "அ" என்பது எந்த எண்ணாகப் பதிவாகியிருக்கிறது என்பது.

இரண்டு, எழுத்துரு. அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை, எவ்வளவு அகலத்தில், எவ்வளவு உயரத்தில் வரைவது என்பது.

மூன்று, கோப்பு வடிவம். பத்தி, அட்டவணை, ஓரம், பக்க எண் இதையெல்லாம் எந்த முறையில் எழுதி வைப்பது என்பது. டாக், டாக்எக்ஸ், ஓடிடி எல்லாம் இந்த அடுக்கு.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு முதல் அடுக்கில் அநேகமாகப் பிரச்சினையே வராது. இணையத்தில் "லிபர்ஆபீஸ் இணக்கம்" என்று தேடினால் கிடைக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் மூன்றாவது அடுக்கைப் பற்றியே பேசுவதற்கு அதுதான் காரணம். நமக்கு மூன்றும் உண்டு. எந்த அடுக்கு உடைந்திருக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால், இருப்பதும் கெட்டுப்போகும்.

முதல் அடுக்கு: உள்ளே இருப்பது தமிழே இல்லை

சார் காட்டிய முதல் கோப்பைத் திறந்து, எழுத்துருப் பெயர் வரும் பெட்டியைப் பார்த்தேன். "பாமினி" என்று சாய்வெழுத்தில் இருந்தது. கணினியில் இல்லாத எழுத்துருவின் பெயரை லிபர்ஆபீஸ் சாய்வாகத்தான் காட்டும். பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது.

யூனிகோட் பரவலாவதற்கு முன்னால் தமிழில் தட்டச்சு செய்ய நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி இது. கணினிக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும் என்றால், ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்துவிடுவது. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, செமிகோலன், கே, ஹெச். அவ்வளவுதான். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. இல்லாவிட்டால் வெறும் எம், கே, செமிகோலன்.

பாமினி ஒன்றுதான் என்றால்கூடப் பரவாயில்லை. இலங்கைத் தமிழர்களிடமும் நம்ம ஊர் டிடிபி கடைகளிலும் பாமினி. அரசு அலுவலகங்களில் வானவில். அச்சகங்களில் ஸ்ரீலிபி. மின்னஞ்சல் குழுக்களில் டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்களை முடிவு செய்தார்கள். இவ்வளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஒன்றில் "ம" இருக்கும் எண்ணில் இன்னொன்றில் வேறு ஏதோ எழுத்து இருக்கும். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் நாம் சாதாரணமாக அதில் எழுத ஆரம்பிக்க இன்னும் பத்துப் பதினைந்து வருடம் ஆனது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு சமயத்தில்தான் யூனிகோடையும் டேஸ்16ஐயும் அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது. இதில் டேஸ்16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருப்பதால், அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

எங்கள் 43 கோப்புகள் எழுதப்பட்டது சரியாக இந்தக் குழப்பமான காலத்தில். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கடையில் அடித்திருக்கிறார்கள். கடை மாறினால் எழுத்துருவும் மாறியிருக்கிறது.

பத்து நிமிட வைத்தியம்

பாமினி எழுத்துருவை இறக்கி நிறுவினேன். கோப்பை மூடித் திறந்தால் தமிழ்!

"வந்துடுச்சே!" என்று சாருக்கு ஒரே சந்தோஷம். நானும் காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

ஆனால் இது வைத்தியம் இல்லை, பூச்சு. உள்ளே இன்னும் ஆங்கில எழுத்துதான் இருக்கிறது. "கால்வாய்" என்று தேடினால் கிடைக்காது. வேறு ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் அவரும் எழுத்துரு நிறுவ வேண்டும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைபடிப்பான் அதை "எம் கே" என்றுதான் படிக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. இரண்டாவது கோப்பைப் படித்துக்கொண்டிருந்த சார் திடீரென்று, "நான் இப்படி எழுதலையே" என்றார். ஒரு பத்தி "முனு கொடுத்தும்" என்று தொடங்கியது. "மனு" எப்படி "முனு" ஆகும்?

காரணம் ஆட்டோகரெக்ட். பாமினியில் சின்ன "கே" அடித்தால் "ம", பெரிய "கே" அடித்தால் "மு". வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றுவது ஆங்கிலத்துக்கு உதவி. வேர்டும் சரி, லிபர்ஆபீஸும் சரி, தட்டச்சு செய்யும்போது அதைத் தானாகச் செய்துவிடும். பல வருடம் முன்னால் யாரோ அந்தப் பத்தியைத் திருத்தும்போது மனு முனு ஆகிவிட்டது. அப்படியே அச்சிட்டுக் கொடுத்தும் இருக்கிறார்கள்! இதனால் எனக்குக் கிடைத்த முதல் பாடம்: பழைய கோப்பைத் திறப்பதற்கு முன் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். திறந்த கையோடு "சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உண்மையான வைத்தியம்

உண்மையான வைத்தியம், உள்ளே இருப்பதை யூனிகோடுக்கு மாற்றுவது. இதற்குக் கருவிகள் இருக்கின்றன. விண்டோஸில் என்எச்எம் கன்வெர்ட்டர், இணையத்தில் சுரதாவின் பொங்குதமிழ், பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நிரல் தொகுப்பு. உரையை ஒட்டினால் யூனிகோடாக வந்துவிடும்.

மாற்றி மட்டும் எழுத்துக்கு எழுத்து எண்ணை மாற்றினால் போதாது. பாமினியில் "நெ" என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு "ந". கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் முதலில் "ந", பிறகு கொம்பு. "கொ" என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக இருப்பதை ஒழுங்குபடுத்த வேண்டும். நல்ல மாற்றிகள் இதைச் செய்துவிடுகின்றன.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். மனுவில் தமிழ் மட்டுமா இருக்கும்? சர்வே எண், பிளாட் எண், ஆங்கிலத்தில் இரண்டு வரி முகவரி, நடுவில் ஒரு அட்டவணை. மொத்தமாக அள்ளி மாற்றியில் போட்டால் அந்த ஆங்கிலமும் தமிழாக மாறப் பார்க்கும். பாமினியில் கமா அடித்தால் "இ" வரும். ஆகவே ஆங்கில முகவரியில் இருந்த கமா எல்லாம் "இ" ஆகி, மீதி எழுத்தெல்லாம் வாயில் நுழையாத தமிழாகி நின்றது. அட்டவணையும் தடித்த எழுத்தும் போயே போய்விட்டன.

இங்கேதான் கட்டற்ற வடிவத்தின் அருமை தெரிந்தது. பழைய டாக் கோப்பின் பிரதியை லிபர்ஆபீஸில் திறந்து ஓடிடி ஆகச் சேமித்தேன். ஓடிடி என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றி விரித்தால், உள்ளே கன்டென்ட் என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். சாதாரண நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு துண்டு உரைக்கும் என்ன ஸ்டைல், அந்த ஸ்டைலுக்கு என்ன எழுத்துரு என்று அதில் எழுதியிருக்கும். ஆகவே "எழுத்துரு பாமினி என்றால் மட்டும் மாற்று, டைம்ஸ் என்றால் தொடாதே" என்று ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினால் போதும். அட்டவணை அப்படியே இருக்கும். ஆங்கிலம் அப்படியே இருக்கும். எந்தத் துண்டு எந்த எழுத்துரு என்று கோப்பே சொல்வதால், ஒரே மனுவில் பாமினியும் வானவிலும் கலந்திருந்தாலும் தனித்தனியாகப் பிரித்து மாற்றிவிடலாம்.

41 கோப்புகள் இப்படி மீண்டன. மீதி இரண்டைப் பற்றிக் கடைசியில்.

இரண்டாவது அடுக்கு: யூனிகோட் ஆனபிறகும் கையெழுத்து அடுத்த பக்கத்தில்

மீட்ட மனுக்களில் இருந்து ஒரு தொகுப்பு தயார் செய்து, டாக்எக்ஸ் ஆக்கி, சங்கத்தின் இப்போதைய தலைவருக்கு அனுப்பினேன். அவர் வேர்டில் திறந்தார். தமிழ் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் என் கணினியில் ஒரே பக்கத்தில் அடங்கிய கடிதம் அவரிடம் ஒன்றேகால் பக்கம். "இப்படிக்கு" முதல் பக்கத்தின் அடியில், கையெழுத்து இடம் அடுத்த பக்கத்தில்.

பலருக்கும் இது புரியாத புதிர். ஆனால் காரணம் எளிது. டாக்எக்ஸோ ஓடிடியோ, கோப்புக்குள் "இந்த வரி இந்த இடத்தில் முடிகிறது" என்று எழுதி வைப்பதில்லை. உரை, எழுத்துரு, அளவு, ஓரம் இவைதான் இருக்கும். திறக்கும் மென்பொருள் ஒவ்வொரு எழுத்தின் அகலத்தையும் கூட்டிக் கூட்டி வரியை உடைக்கிறது. வரிகளின் உயரத்தைக் கூட்டிக் கூட்டிப் பக்கத்தை உடைக்கிறது. எழுத்துரு மாறினால் எல்லாக் கணக்கும் மாறும்.

ஆங்கிலத்துக்கு இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார்கள். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் இரண்டுக்கும் அதே அகலம் கொண்ட லிபரேஷன் எழுத்துருக்களை ரெட் ஹேட் 2007இல் வெளியிட்டது. காலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு காலடியா இருக்கின்றன. வடிவம் கொஞ்சம் மாறினாலும் அகலம் மாறாது, அதனால் வரி உடைவது மாறாது. விண்டோஸில் வரும் லதா, நிர்மலா எழுத்துருக்களுக்கு இந்த மாதிரி அளவொத்த ஜோடி லிபர்ஆபீஸோடு வருவதில்லை. நான் நோட்டோ தமிழில் அடித்தால், அது இல்லாத இடத்தில் வேர்டு வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துருக்களின் அகலமும் வரி உயரமும் ஒன்றுக்கொன்று ரொம்பவே வேறுபடும். 12 புள்ளி என்று இரண்டிலும் போட்டாலும் கண்ணுக்கு ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருக்கும். வரிசை உயரத்தைக் கட்டாயமாக நிர்ணயித்த அட்டவணைகளில் "கு", "மூ" இவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படுவதும் இதனால்தான்.

தீர்வு இரண்டு. ஒன்று, அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே கட்டற்ற எழுத்துருவை நிறுவிக்கொள்வது. இல்லாவிட்டால், லிபர்ஆபீஸில் கோப்பின் பண்புகளுக்குப் போய், எழுத்துருத் தாவலில், எழுத்துருவை ஆவணத்துக்குள்ளேயே பொதிந்து வைக்கும் வசதியைத் தேர்ந்தெடுப்பது. கோப்பு கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

இதே அடுக்கில் இன்னொரு பொறி. ஸ்டைலில் அளவை 14 என்று மாற்றுவீர்கள். ஆங்கிலம் பெரிதாகும், தமிழ் அசையாது. "மென்பொருளில் பிழை" என்று தோன்றும். பிழை இல்லை. வேர்டும் லிபர்ஆபீஸும் தமிழை, அரபி, இந்தி மாதிரியே, சிக்கலான எழுத்து வகையாக வைத்திருக்கின்றன. ஒரே ஸ்டைலுக்குள் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, ஒரு அளவு. தமிழுக்குத் தனி எழுத்துரு, தனி அளவு. லிபர்ஆபீஸின் மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்து வகை என்பதை இயக்கி, மொழி தமிழ் என்று தேர்ந்தெடுத்தால்தான் அந்த இரண்டாவது பகுதி திரையில் தெரியும். இதை முதல் நாளே செய்துவிடுங்கள். பைத்தான் வழியாக டாக்எக்ஸ் தயாரிப்பவர்களும் இங்கேதான் விழுகிறார்கள். எழுத்துருப் பெயரைக் கொடுத்தால் அது ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் போய்ச் சேரும்.

மூன்றாவது அடுக்கு: டாக்எக்ஸ் என்ற 6,000 பக்கம்

பழைய டாக் வடிவத்தின் உள் அமைப்பை மைக்ரோசாஃப்ட் பொதுவில் வெளியிட்டது 2008 பிப்ரவரியில்தான். அதுவரைக்கும் ஓப்பன்ஆபீஸ் ஆட்கள் கோப்புகளைப் பிரித்துப் பார்த்து, ஊகித்து ஊகித்துத்தான் திறக்க வைத்திருந்தார்கள். அதை நினைத்தால், 2003இல் அடித்த டாக் கோப்பின் அட்டவணை இன்றைக்கு லிபர்ஆபீஸில் அப்படியே வருவதே பெரிய காரியம்.

ஓடிஎஃப் 2006இல் ஐஎஸ்ஓ தரமானது. விவரக்குறிப்பு சுமார் 700 பக்கம். அடுத்து மைக்ரோசாஃப்ட் தன் ஓஓஎக்ஸ்எம்எல் வடிவத்தைத் தரமாக்கக் கொண்டுவந்தது. அது 6,000 பக்கத்துக்கு மேல். "வேர்டு 95 மாதிரி இடைவெளி விடு" என்கிற ரகக் கட்டளைகளும் அதில் உண்டு. வேர்டு 95 எப்படி இடைவெளி விட்டது என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2007 செப்டம்பரிலும் 2008 மார்ச்சிலும் இதை எதிர்த்தே வாக்களித்தது. ஆனாலும் அது 2008இல் ஐஎஸ்ஓ 29500 என்ற தரமாக வெளிவந்தது. அதில் கண்டிப்பான வடிவம், இடைக்கால வடிவம் என்று இரண்டு உண்டு. வேர்டு இன்றைக்கும் இயல்பாகச் சேமிப்பது பழைய சுமைகளைத் தூக்கி வரும் இடைக்கால வடிவத்தில்தான். லிபர்ஆபீஸ் துரத்திக்கொண்டே இருப்பது அதை.

இந்தக் கதையில் நம்ம பகுதிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தாம்பரத்தில் இருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி, குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்துதான் 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வந்தது. அரசு கொடுத்த பள்ளி மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதையும் பார்த்திருப்பீர்கள். அதே காலத்தில் சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த எல்காட், தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன்ஆபீஸுக்கும் மாற்றியது.

வெளியூர் அனுபவமும் பார்க்க வேண்டியது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பத்து வருடம் உழைத்து, சுமார் 15,000 கணினிகளை 2013க்குள் லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போவது என்று முடிவெடுத்தது. வெளி அலுவலகங்களில் இருந்து வரும் வேர்டு கோப்புகள் கலைந்து போகின்றன என்பது அங்கே தொடர்ந்து வந்த புகார்களில் ஒன்று. அதே நாட்டில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் சுமார் 30,000 கணினிகளை லிபர்ஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்திருக்கிறது. இயங்குதளத்தை மாற்றுவது எளிது. இருபது வருட ஆவணங்களையும், அடுத்த அலுவலகம் அனுப்பும் ஆவணங்களையும் சமாளிப்பதுதான் கடினம். எங்கள் சங்கத்தின் ஒற்றைக் கணினியிலும் அதுதானே நடந்தது.

ஸ்பேஸ் பார் என்ற எதிரி

மென்பொருளைத் திட்டிவிட்டு நம்மை விட்டுவிட்டால் நியாயம் இல்லை. 43 கோப்புகளிலும் வடிவம் கலைந்ததற்குப் பெரிய காரணம் நாமே. தலைப்பை நடுவில் கொண்டுவர இருபது தடவை ஸ்பேஸ். அடுத்த பக்கத்துக்குப் போக பதினைந்து தடவை என்டர். தேதியை வலது ஓரத்துக்குத் தள்ள ஆறு டேப். தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கை அப்படித்தான் போகும். ஒரே கணினி, ஒரே எழுத்துரு, ஒரே பிரிண்டர் என்றால் இது ஓடும். எழுத்து அகலம் ஒரு இம்மி மாறினாலும் மொத்தமும் சரியும்.

இப்போது சங்கத்தில் நாங்கள் கடைப்பிடிப்பது இவைதான்:

1. எல்லாம் யூனிகோட். வேறு எந்த எழுத்துருவில் வந்தாலும் மாற்றிய பிறகே சேமிப்பு.

2. நடுவில் வைக்க நடுச்சீரமைப்பு, புதுப் பக்கத்துக்குப் பக்க முறிப்பு, தலைப்புக்குத் தலைப்பு ஸ்டைல். ஸ்பேஸும் என்டரும் அதற்கில்லை.

3. எங்களுக்குள் வைத்துக்கொள்ளும் மூலம் ஓடிடி. வேர்டு வைத்திருப்பவரோடு சேர்ந்து திருத்த வேண்டும் என்றால் ஆரம்பம் முதல் முடிவு வரை டாக்எக்ஸ். ஓடிடி, டாக்எக்ஸ், மறுபடி ஓடிடி என்று பந்தாடுவதில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது ஒன்று உதிரும்.

4. படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப். பக்கம் மாறவே மாறாது. நீண்ட காலம் வைப்பதற்கு பிடிஎஃப்/ஏ.

நான்காவதில் ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப் இருந்தால் மூலம் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பாமினியில் செய்த பிடிஎஃப் பார்க்கத் தமிழாக இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் அதே செமிகோலன் கூட்டம்தான் வரும். யூனிகோட் தமிழ் பிடிஎஃப்பில்கூட நகலெடுக்கும்போது கொம்பு இடம் மாறி வருவதுண்டு. பிடிஎஃப் என்பது அச்சுத்தாள் மாதிரி. ஓடிடிதான் மூலப்பிரதி.

மீதி இரண்டு கோப்புகள்

இரண்டு கோப்புகளின் எழுத்துருப் பெயர் நான் கேள்விப்பட்டதே இல்லை. ஏதோ ஒரு டிடிபி கடைக்காரர் தானே திருத்திச் செய்துகொண்டது போல இருந்தது. எந்த மாற்றியிலும் வரவில்லை. என் கணக்கில் அவை போனவைதான். 41 வந்ததே பெரிது என்று சாரிடம் சொன்னேன்.

அவர் விடவில்லை. "ரெண்டையும் பிரின்ட் போட்டுக் குடுங்க தம்பி" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "மனுதானே? மனு எப்படி ஆரம்பிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். முதல் வரி "அனுப்புநர்" என்றுதான் இருந்தாக வேண்டும். நாலு வரி தள்ளி "பெறுநர்". இரண்டும் ஒரே மாதிரி முடிய வேண்டும். முடிந்திருந்தது! ஆக "ந"வும் "ர்"உம் தெரிந்துவிட்டன. அதன்கீழ் "மாவட்ட ஆட்சியர், காஞ்சிபுரம்". தாம்பரம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். 2019 கடைசியில்தான் செங்கல்பட்டு மாவட்டம் வந்தது. பிறகு "பொருள்", "ஐயா", கடைசியில் "இப்படிக்கு". இந்த ஏழெட்டுச் சொற்களில் இருந்தே பாதி எழுத்து கிடைத்துவிட்டது. மீதியை "உபரிநீர்", "கால்வாய்", "ஆக்கிரமிப்பு" என்று அவருக்கு மனப்பாடமாக இருந்த சொற்களை வைத்து நிரப்பியிருந்தார். பென்சிலால் கட்டம் போட்டு, ஒரு பக்கம் குப்பை எழுத்து, எதிரே தமிழ்.

அந்த அட்டவணையை அப்படியே என் நிரலில் ஏற்றினேன். இரண்டு கோப்புகளும் திறந்தன. அதில் ஒன்று 2006ஆம் வருட மனு. கால்வாய் எந்த இடத்தில் எத்தனை அடி அகலம் இருந்தது, எத்தனை அடியாகச் சுருங்கியிருக்கிறது என்று தெருவாரியாக அளந்து அட்டவணை போட்டிருந்தார்கள். மற்ற 42இலும் அந்த அளவுகள் இல்லை.

புது மனு போன வாரம் கொடுத்தாயிற்று. இணைப்பாக, பழைய மனுக்களின் தேதிவாரிப் பட்டியல், 2006 அட்டவணை, கூடவே இப்போது நாங்கள் டேப் பிடித்து அளந்தது. பிடிஎஃப்பும் ஓடிடியும் மூன்று பேரிடம் இருக்கின்றன. பாமினியில் இருந்த மூலக் கோப்புகளையும் தூக்கிப் போடவில்லை. முனு உட்பட அப்படியே வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கோ சிடியோ இருக்கும். அப்பா எழுதிய கட்டுரை, அம்மாவின் சமையல் குறிப்பு, சங்கத்துத் தீர்மானம் என்று ஏதாவது. அந்த எழுத்து என்னவென்று நினைவு வைத்திருப்பவர் பக்கத்தில் இருக்கும்போதே திறந்து பாருங்கள். அந்த இரண்டு கோப்புகளுக்கும் கடைசியில் மாற்றியாக இருந்தது அவர்தான்.